பதினோரு வருஷ வாய்தா

இந்தக் கோடையில் அப்பா மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தார். செயின்ட் லூயிஸில், அதுவும் நாங்கள் இருக்கிற புறநகரில், வயதானவர்களுக்குப் பொழுது போவது கஷ்டம். நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு நாலு பேரிடம் பேசிவிட்டு வர இடம் கிடையாது. முதல் பத்து நாள் பேரனோடு விளையாடினார். அடுத்த நாள் காலையில், "இந்த ஊர்ல கோர்ட்டு எங்க இருக்கு தாயி?" என்று கேட்டார்.

அப்பா 34 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தேனிப் பக்கம் கோர்ட் வளாகத்துப் புளியமரத்தடியில் அவர் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. கேஸ் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே வழக்குக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவார். நான் சட்டம் படித்ததும், மதுரையில் நாலு வருஷம் ஜூனியராக இருந்ததும் அவரால்தான்.

அந்தச் சனிக்கிழமை அவரைப் பழைய கோர்ட் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற அந்தப் பெரிய எஃகு வளைவுக்கு எதிரே, பச்சைக் குவிமாடத்தோடு நிற்கிறது. இப்போது அங்கே வழக்கு நடப்பதில்லை, அருங்காட்சியகம். வெளியே ஒரு கணவன் மனைவி சிலை. ட்ரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட். அடிமைகளாக இருந்தவர்கள், இந்தக் கோர்ட்டில் விடுதலை கேட்டு வழக்குப் போட்டவர்கள் என்று சொன்னேன்.

"அடிமை எப்படி வழக்குப் போட முடியும்?" என்றார் அப்பா.

மிசௌரி மாநிலத்தில் முடிந்தது. தன்னை முறையில்லாமல் அடிமையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர் கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம் என்று சட்டமே இருந்தது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட்டே ஒருவரை அமர்த்தித் தரும். செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் மட்டும் இப்படிப் போடப்பட்ட 300க்கும் மேற்பட்ட வழக்குகளின் காகிதங்கள் கிடைத்திருக்கின்றன. அதே கட்டடத்தின் படிகளில்தான், செத்துப்போன எஜமானர்களின் சொத்தைப் பங்கு பிரிக்கவும் கடனை அடைக்கவும் ஆட்களை ஏலம் விட்டார்கள். உள்ளே விடுதலை மனு, வெளியே ஏலம். ஹாரியட் எந்தப் படியேறி உள்ளே போயிருப்பாள் என்று நான் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காட் வழக்கு நடந்த அறை இன்று இல்லை. பிற்பாடு கட்டடத்தை மாற்றிக் கட்டியதில் அந்த இடம் நடைவழியாகிவிட்டது. அப்பா அந்த நடையில் கொஞ்ச நேரம் நின்றார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனவர், வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்பில் அந்த மனுவைக் காட்டினேன். இங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் அந்தக் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தேதி 1846 ஏப்ரல் 6. கணவனுக்கு ஒரு மனு, மனைவிக்கு ஒரு மனு. கீழே கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைச் சுற்றி, இது இன்னாருடைய குறி என்று வேறொருவர் எழுதியிருக்கிறார்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். "இதுக்குப் பேருதான் தற்குறி. நம்ம பக்கம் பழைய பத்திரத்துல பாத்தேன்னா, ரேகை உருட்டுறதுக்கு முந்தி இப்படித்தான் கீறல் போடுவாங்க. பக்கத்துல 'இன்னார் தற்குறி'ன்னு எழுதி சாட்சி போடணும். இப்ப அதை வசவாக்கிட்டாங்க." எங்கள் அப்பத்தாவின் வக்காலத்தில் அவர் ரேகைதான் இருந்தது. பாகப்பிரிவினை வழக்கு, 19 வருஷம் நடந்தது. அப்பத்தா பதினேழாவது வருஷம் போய்ச் சேர்ந்தார்.

மனுவைத் தொடர்ந்து போட்ட வழக்குரையில் இருக்கிற குற்றச்சாட்டைப் படித்துச் சொன்னேன். 'எனக்கு விடுதலை கொடுங்கள்' என்று நேரடியாகக் கேட்கவில்லை. எஜமானி ஐரின் எமர்சன் என்னை அடித்தாள், அடைத்து வைத்தாள் என்றுதான் வழக்கு. சட்டத்தின் பூட்டு அங்கே இருக்கிறது. எஜமானி தன் அடிமையை அடித்தால் அந்தக் காலச் சட்டப்படி அது குற்றமில்லை. சுதந்திர மனிதனை அடித்தால் குற்றம். அப்படியானால் இவன் அடிமையா, சுதந்திர மனிதனா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது. "கெட்டிக்காரன்யா டிராஃப்ட் போட்டவன்" என்றார்.

ட்ரெட் ஸ்காட் வர்ஜீனியாவில் 1799 வாக்கில் பிறந்தவர். ப்ளோ என்ற குடும்பம் அவரைச் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுவந்து, ஜான் எமர்சன் என்ற ராணுவ மருத்துவருக்கு விற்றது. அவர் இறந்த பிறகு எஜமானியான ஐரின் அவருடைய மனைவி. மருத்துவருக்கு மாற்றலாகும் இடமெல்லாம் ஸ்காட்டும் போனார். 1833ல் இலினாய்ஸ். அது அடிமை முறை கூடாது என்ற மாநிலம். 1836ல் இன்னும் வடக்கே ஸ்னெல்லிங் கோட்டை, இன்றைய மினசோட்டா. அங்கேயும் அடிமை முறை கூடாது, 1820ல் நாடாளுமன்றம் போட்ட மிசௌரி சமரசச் சட்டப்படி. அங்கேதான் ஹாரியட்டைக் கல்யாணம் செய்தார். அவளுடைய எஜமானர் அரசாங்க அதிகாரி, அவரே முன்னின்று நடத்தி வைத்தார். அடிமைகளின் கல்யாணத்துக்குத் தெற்கே சட்டத்தில் மதிப்பே கிடையாது, இவர்களுக்கு முறைப்படி நடந்திருக்கிறது. மூத்த மகள் எலைசா, மிசிசிப்பியில் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகில் பிறந்தாள், அடிமை மாநில எல்லைக்கு வடக்கே. வழக்குப் போடும்போது அவளுக்கு ஏழெட்டு வயது, இளையவள் லிஸி கைக்குழந்தை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். எந்த நாளிலும் மகள்களை விற்கலாம். அந்த மனுக்களுக்குப் பின்னால் இருந்த அவசரம் அதுதான் என்று நான் நம்புகிறேன். வரலாற்றில் கணவனின் பேர்தான் நிற்கிறது. ஆனால் பிள்ளைகளின் கதி ஹாரியட்டின் மனுவில்தான் தொங்கியது.

வழக்குப் போட்ட அன்றைக்குச் சட்டம் அவர்கள் பக்கம். இதை அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். 1824ல் வின்னி என்ற பெண்ணின் வழக்கிலேயே மிசௌரி உச்ச நீதிமன்றம், சுதந்திர மண்ணில் குடியிருக்க வைத்தால் அந்த அடிமைக்கு விடுதலை, திரும்பி வந்தாலும் விடுதலைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1836ல் ரேச்சல் என்ற பெண் இதே மாதிரி ஒரு ராணுவ அதிகாரியால் இதே ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டவள். ராணுவம் உன்னைப் போகச் சொன்னது, அடிமையைக் கொண்டுபோகச் சொல்லவில்லையே என்று அதிகாரியைக் கேட்டு அவளையும் விடுவித்தது கோர்ட். ஸ்காட் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான முன்தீர்ப்பு கிடைக்காது.

"அப்ப ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கணுமே" என்றார் அப்பா.

முடியவில்லை. 1847 ஜூன் 30 அன்று விசாரணைக்கு வந்தது. இவர்களை வேலைக்கு அமர்த்திய மளிகைக்காரர் ரசல் சாட்சிக் கூண்டில் ஏறி, திருமதி எமர்சனிடமிருந்து கூலிக்கு எடுத்தேன் என்றார். குறுக்கு விசாரணையில், ஏற்பாடெல்லாம் என் மனைவிதான் செய்தாள், நான் பணம் மட்டும்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார். போச்சு. திருமதி எமர்சன்தான் இவர்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை என்று வழக்குத் தோற்றது. அதனால் அவர்கள் அவளுடைய அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள். மறு விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. எதிர்த்தரப்பு அதை எதிர்த்து மேலே போனது. அப்புறம் 1849 மே மாதம் செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையெல்லாம் பற்றி எரிந்த பெருந்தீ. அதே கோடையில் காலரா, ஆயிரக்கணக்கில் சாவு. வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் 1850 ஜனவரியில் ரசலின் மனைவியே சாட்சியம் கொடுத்தார். ஜூரி, ஸ்காட் சுதந்திரமானவர் என்று சொன்னது.

அது நிலைத்திருந்தால் இந்தப் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. சலவைக்காரி ஹாரியட்டும் அவள் கணவனும் இந்த ஊர்ச் சந்தொன்றில் நாலு பேரைப் போல வாழ்ந்து முடிந்திருப்பார்கள். திருமதி எமர்சன் மேல்முறையீடு போனார்.

அப்பா அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதிர்க்கட்சி ஏன் இழுக்குறான்னு எப்பவும் கேக்கணும் தாயி. சும்மா இழுக்கமாட்டான். எதுக்காகவோ காத்துக்கிட்டு இருப்பான்."

அவர் சொன்னது போலத்தான் நடந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் நாட்டின் காற்றே மாறியது. 1850ல் நாடாளுமன்றம் தப்பியோடிய அடிமைகள் பற்றிய கடுமையான சட்டத்தைக் கொண்டுவந்தது. அடிமை முறை இல்லாத மாநிலத்திலும் ஆளைப் பிடித்து ஒப்படைக்கவேண்டும், பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. முடிவு செய்கிற கமிஷனருக்கு, ஆளை எஜமானரிடம் அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். அனுப்பினால் எழுத்து வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். கோர்ட் படிக்கட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு பிரிவைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு வேறு எதைப் படித்தும் வந்ததில்லை.

வடக்கே எதிர்ப்பு கிளம்பியது. மிசௌரியில் எஜமானர்களுக்குக் கோபமும் பயமும் ஏறின. 1852 மார்ச்சில் மிசௌரி உச்ச நீதிமன்றம் ஜூரியின் தீர்ப்பைக் கவிழ்த்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் ஸ்காட் காரணத்தை மறைக்கவே இல்லை. முன்பு தீர்ப்புகள் சொன்ன காலம் வேறு, இப்போதைய காலம் வேறு என்று எழுதினார். ஹாமில்டன் கேம்பிள் என்ற ஒரு நீதிபதி மட்டும் மறுத்தார். காலம் மாறியிருக்கலாம், மக்களின் மனநிலை மாறியிருக்கலாம், கோட்பாடுகள் மாறவில்லை, மாறவும் மாறாது என்று எழுதினார். அந்த வரியைத் தமிழில் சொன்னபோது அப்பா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அதே 1852ல், இந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஜோஷுவா குளோவர் என்பவர் தப்பி விஸ்கான்சினுக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து எஜமானர் ஆட்களோடு போய்ப் பிடித்தார். மில்வாக்கியில் மக்கள் கூட்டமாகத் திரண்டு சிறைக் கதவை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள், அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைக் கூட்டிய பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்த 1850ஆம் வருஷத்துச் சட்டமே செல்லாது என்றது. 1859ல் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மாநிலம் குறுக்கே வரக்கூடாது என்று.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது என்று இந்த நாட்டில் இன்னும் நிறையப் பேர் சொல்வார்கள். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான். விஸ்கான்சின் தன் உரிமையைக் கேட்டபோது தென்மாநிலங்கள் மத்திய அரசின் மார்ஷலையும் சிறையையும் அல்லவா கேட்டன? அவர்களுக்கு எப்போதும் வேண்டியிருந்தது ஒன்றுதான். அதற்கு மாநிலம் உதவினால் மாநிலம், மத்திய அரசு உதவினால் மத்திய அரசு.

ஸ்காட் வழக்கு மத்திய கோர்ட்டுக்குப் போனது. இப்போது பிரதிவாதி, ஐரினின் அண்ணன் ஜான் சான்ஃபோர்டு, நியூயார்க்வாசி. கோர்ட் பதிவில் அவர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிவிட்டார்கள், அந்தத் தப்போடுதான் இன்றுவரை சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. பேரில் எழுத்து மாறியதால் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களோடு எத்தனை நாள் அலைந்தேன் என்று அப்பா ஆரம்பித்தார். அது தனிக் கதை.

1857 மார்ச் 6. வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. தலைமை நீதிபதி ரோஜர் டானி, வயது 79. ஏழுக்கு இரண்டு. கறுப்பினத்தவர், அடிமையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது, ஆகவே மத்திய கோர்ட்டில் வழக்குப் போட ஸ்காட்டுக்கு உரிமையே இல்லை என்றார். அரசமைப்பை எழுதிய காலத்தில் அவர்களுக்கு வெள்ளையர் மதிக்கவேண்டிய உரிமை எதுவுமே இருக்கவில்லை என்று எழுதினார். நீதிபதி கர்ட்டிஸ் தன் மறுப்புத் தீர்ப்பில், அந்தக் காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். டானி அதோடு நிறுத்தவும் இல்லை. வழக்குப் போடவே உரிமையில்லை என்றால் அங்கேயே முடித்திருக்கலாம். மேலே போய், புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது, 1820ஆம் வருஷத்துச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றார். அடிமை என்பவர் சொத்து, சொத்தைப் பறிக்க முடியாது.

இரண்டு நாள் முன்னால்தான் ஜேம்ஸ் புக்கானன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றிருந்தார். வரப்போகும் தீர்ப்பு எப்படியிருந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று பதவியேற்பு உரையில் சொன்னார். தீர்ப்பு என்ன என்று அவருக்கு முன்னமே தெரியும். நீதிபதிகளோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், ஒரு நீதிபதியைப் பெரும்பான்மையோடு சேரும்படி எழுதியும் இருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அப்புறம் நடந்தது பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. லிங்கனின் கட்சி, இருக்கிற இடத்தில் அடிமை முறையில் கை வைக்கமாட்டோம், புது இடங்களுக்குப் பரவ விடமாட்டோம் என்று சொல்லித்தான் வளர்ந்தது. அந்த ஒரே கொள்கையும் சட்டவிரோதம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அந்தந்தப் பிரதேசத்து மக்களே முடிவு செய்யட்டும் என்ற, ஜனநாயகக் கட்சித் தலைவர் டக்ளஸின் நடுவழியும் அடைபட்டது. அவர் கட்சி 1860ல் இரண்டாக உடைந்தது. நூற்றுக்கு நாற்பது ஓட்டுக்கூட இல்லாமல் லிங்கன் ஜெயித்தார். டிசம்பர் 20ல் தென் கரோலினா பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று அவர்கள் எழுதிய அறிக்கையை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தப்பியோடியவர்களைத் திருப்பித் தராத வடமாநிலங்களின் பெயர்ப் பட்டியல் அதில் இருக்கிறது. நாட்டின் உச்சச் சட்டப்படி குடிமக்களாக ஆக முடியாதவர்களைச் சில மாநிலங்கள் குடிமக்களாக்கின என்ற புகாரும் இருக்கிறது. அந்த உச்சச் சட்டம் டானி எழுதியது. செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் இரண்டு தற்குறிகளோடு தொடங்கிய மனு அங்கே வந்து நிற்கிறது. அடுத்த ஏப்ரலில் சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தது. நாலு வருஷம், ஆறு லட்சத்துக்கும் மேல் சாவு.

அடுத்த வாரம் அப்பாவே கேட்டார் என்று கல்வரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஸ்காட்டின் கல்லறையில் செப்பு நிறச் சில்லறைக் காசுகள் கிடந்தன. லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட். வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதே தோட்டத்தில்தான், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மனும் கிடக்கிறார். ஸ்காட்டுக்கு 1957ல் வைத்த கல்லில், நண்பர் டெய்லர் ப்ளோவால் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று பொறித்தார்கள். டெய்லர் ப்ளோ, அவரை விற்ற குடும்பத்தின் மகன். வழக்குக்கு அவர்கள் உதவினார்கள் என்பது உண்மை. தீர்ப்பு வந்த பிறகு, 1857 மே 26ல் ஸ்காட் குடும்பத்தைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கி, இதே கோர்ட்டில் விடுதலைப் பத்திரம் எழுதியதும் அவர்தான். ஆனால் அந்த வரியைப் படித்தால் பதினோரு வருஷம் வழக்காடிய மனிதர் சும்மா இருந்து பெற்றுக்கொண்ட மாதிரி இருக்கிறது. அடுத்த வருஷம் செப்டம்பரில் காசநோயில் இறந்துபோனார். சுதந்திர மனிதராக ஒன்றேகால் வருஷம் ஓட்டல் போர்ட்டர் வேலை. ஹாரியட் 1876 வரை இருந்தாள், வேறொரு கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள்.

காரில் திரும்பும்போது அப்பா கேட்டார், "வழக்கு நடந்தப்ப அவங்க ரெண்டு பேரும் வேலை பாத்தாங்கல்ல? அந்தக் கூலி யாருக்குப் போச்சு?"

கோர்ட் உத்தரவுப்படி ஷெரிஃப் அவர்களை வெளியே வேலைக்கு விட்டார், கூலியை வாங்கி வைத்திருந்தார், ஜெயித்தவருக்குச் சேரும் என்று. "அதாம்ப்பா, கோர்ட் டெபாசிட் மாதிரி" என்றேன்.

"டெபாசிட்டு என்னாச்சு?"

அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். ஐரின் எமர்சன் அதற்குள் மறுமணம் செய்து மாசசூசெட்ஸ் போயிருந்தார். புதுக் கணவர் கால்வின் சாஃபி, அடிமை முறையை எதிர்த்துப் பேசும் நாடாளுமன்ற உறுப்பினர். மனைவிக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பது தீர்ப்பு நெருங்கும்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். குடும்பத்தை ப்ளோவுக்கு மாற்றிக் கொடுக்க ஐரின் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஷெரிஃப்பிடம் சேர்ந்திருந்த கூலி தனக்கு வரவேண்டும். சுமார் 750 டாலர்.

அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நின்றது.

"துணி வெளுத்த காசும் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."